மறுப்பு அறிக்கை எழுதுவதற்கு முன்

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் ஹெப்பகோடி, பொம்மசந்திரா, அதையடுத்து சந்தாபுரா. ஆனேக்கல் சாலையும் தொம்மசந்திரா சாலையும் பிரிகிற இடம், சுற்றிலும் தொழிற்பேட்டைகள். ஷிஃப்ட் விடும் நேரத்தில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் என்று எல்லாம் காதில் விழும். இத்தனை மொழிக்காரர்கள் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு நிறுவனமோ அரசு அலுவலகமோ ஒரு விஷயத்தை ஒரே மொழியில், அதுவும் ஆபீஸ் ஆங்கிலத்தில், அறிவித்துவிட்டுச் சும்மா இருந்தால் மீதிப் பேருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? யாரோ சொன்னார்கள் என்று, அரையும் குறையுமாக, வாட்ஸ்அப் குரூப் வழியாகப் போய்ச் சேரும். பொய்ச்செய்தியை எப்படி எதிர்கொள்வது என்று கேட்கும் மக்கள் தொடர்புத் துறையினர், அதாவது பிஆர் வேலையில் இருப்பவர்கள், முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

இதே சாலையில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2016 பிப்ரவரி 10-ஆம் தேதி மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) விதியில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதுவரை, வேலையை விட்டு இரண்டு மாதம் ஆனவர் தன் கணக்கில் இருந்த மொத்தத் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம். புதிய விதிப்படி தன் பங்கையும் அதற்கான வட்டியையும் மட்டும் எடுக்கலாம். முதலாளி கட்டிய பங்கு 58 வயது வரை கணக்கிலேயே கிடக்கும். தொழிலாளி சம்பளத்தில் 12 சதவீதம் கட்டுகிறார், நிறுவனமும் 12 சதவீதம் கட்டுகிறது. நிறுவனம் கட்டுவதில் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போய்விட, பிஎஃப் கணக்கில் சேர்வது 3.67 சதவீதம்தான். முடங்கவிருந்தது அந்த 3.67. ஆனால் ஏப்ரல் 18-ஆம் தேதி பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மென்ட்ஸ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஓசூர் சாலைக்கு வந்தபோது பரவியிருந்த பேச்சு வேறு: இனிமேல் 58 வயது வரை பிஎஃப் பணத்தில் கைவைக்கவே முடியாது.

மறுநாள் போராட்டம் நகரின் மற்ற பகுதிகளுக்கும் பரவியது. பஸ்கள் எரிந்தன. ஹெப்பகோடி காவல் நிலையத்தில் நிறுத்தியிருந்த வாகனங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. தடியடி, கண்ணீர்ப்புகை எல்லாம் நடந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; எந்தத் தொழிற்சங்கமும் கூப்பிட்டு வந்த கூட்டம் அல்ல. அன்றே மத்திய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா திருத்தம் திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார்.

இதை ‘வதந்தியால் வந்த கலவரம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது அந்தப் பெண்களுக்குச் செய்கிற அநியாயம். கார்மென்ட்ஸ் தொழிலாளிக்கு பிஎஃப் என்பது வயதான காலத்துப் பணம் மட்டும் அல்ல. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், தங்கையின் கல்யாணம், வட்டிக்கடன் அடைப்பது எல்லாம் அதில்தான். அதில் ஒரு பைசா முடங்கினாலும் கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு. கோபம் நியாயமானது, எவ்வளவு முடங்கும் என்ற கணக்கு மட்டும்தான் தவறாகப் போய்ச் சேர்ந்தது. அறிவிப்பு வந்த நாளுக்கும் தெரு கொதித்த நாளுக்கும் இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஃபாக்டரி கேன்டீனிலும் ‘இவ்வளவு எடுக்கலாம், இவ்வளவு எடுக்க முடியாது, ஆட்சேபம் இருந்தால் இங்கே சொல்லுங்கள்’ என்று தொழிலாளிகளின் மொழியில் அரைப் பக்கம் ஒட்டியிருந்தால் கோபம் போயிருக்காது. ஆனால் அது சரியான கணக்கோடு, தீ இல்லாமல், சரியான வாசலுக்குப் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

பொய்த்தகவலில் இரண்டு வகை. ஒன்று, தெரியாமல் பரவுவது. அனுப்புகிறவர் அதை உண்மை என்றே நம்புகிறார், நமக்கு நல்லது செய்வதாக நினைத்து அனுப்புகிறார். இன்னொன்று, பொய் என்று தெரிந்தே பணத்துக்காகவோ அரசியலுக்காகவோ பகைக்காகவோ தயாரித்துப் பரப்புவது. பிஆர் ஆட்கள் இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்தும்போதுதான் காரியம் கெடுகிறது. முதல் வகைக்காரருக்குத் தேவை பொறுமையான விளக்கம். அவரை ‘சமூக விரோதி’ என்று அறிக்கையில் திட்டினால் நம் பக்கம் நிற்க வேண்டியவரை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறோம். இரண்டாவது வகைக்காரரிடம் விளக்கம் செல்லாது. அங்கே வேண்டியது ஆதாரம் சேர்ப்பது: ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி, நேரம். பிறகு அந்தத் தளத்தில் புகார், காவல்துறையில் புகார். பொய்யைத் தயாரித்தவர் சிலர், அதைச் சுமந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அந்த ஆயிரம் பேரிடம் பேசத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி.

நேரம் எதனால் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்து 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச்செய்தி மறுபகிர்வு ஆவதற்கு 70 சதவீதம் அதிக வாய்ப்பு இருந்தது. 1,500 பேரை எட்ட உண்மைக்குப் பொய்யைப்போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதற்குக் காரணம் இயந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்கள்தான் என்றும் அவர்கள் கண்டார்கள். பொய்யில் புதுமையும் அதிர்ச்சியும் இருக்கின்றன. கை தானாக ஃபார்வர்டு பொத்தானுக்குப் போகிறது.

நம் பக்கத்தில் அரசு நிர்வாகம் வேகமாகச் செயல்பட்ட ஒரு நிகழ்வை விவரமாகப் பார்க்கலாம். 2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் வேலை செய்யும் பீகார்த் தொழிலாளர்கள் இந்தி பேசியதற்காக அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்ற வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. நாளிதழ்ச் செய்தியாகவும் வந்தது, பீகார் சட்டமன்றத்திலும் அமளியானது. திருப்பூர், கோவை கம்பெனிகளில் வேலை செய்தவர்களுக்கு ஊரிலிருந்து ஓயாமல் போன். ஹோலி மார்ச் 8-ஆம் தேதி. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களின் ரயில் நிலையக் கூட்டத்தையே உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டம் என்று காட்டினார்கள்.

அப்போது தமிழ்நாடு காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு மார்ச் 2-ஆம் தேதி ஒரு வீடியோ வெளியிட்டார். அதில் கவனிக்க வேண்டியது இது: ‘எல்லாம் பொய், யாரும் நம்ப வேண்டாம்’ என்று அவர் பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை. பரவிய இரண்டு வீடியோக்களையும் தனித்தனியாக எடுத்தார். ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த தகராறு. சண்டை நடந்தது உண்மை, வீடியோவும் உண்மை. மேலே ஒட்டிய தலைப்புதான் பொய். பார்ப்பவர் மனதில் எழும் ‘அப்படியானால் நான் கண்ணால் பார்த்தது என்ன?’ என்ற கேள்விக்கு அதில் பதில் இருந்தது. வெறும் மறுப்பு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அதனால்தான் பெரும்பாலான மறுப்புகள் எடுபடுவதில்லை.

அடுத்து மொழி. திருப்பூரிலும் கோவையிலும் அதிகாரிகள் கம்பெனிகளுக்கே போய்த் தொழிலாளர்களிடம் இந்தியில் பேசினார்கள், உதவி எண்கள் கொடுத்தார்கள். தமிழில் மட்டும் மறுத்திருந்தால் அது ஏற்கெனவே நம்பாதவர்களுக்குச் சொன்னதாகத்தான் ஆகியிருக்கும். பயந்தவர் பாட்னாவில் உட்கார்ந்திருக்கும் தாய். அவருக்குப் புரிகிற மொழியில் போக வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரியதாக நான் நினைப்பது பீகார் அரசின் குழு வந்ததை. அந்த மாநிலத்தின் ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளர் பாலமுருகன் தலைமையில் அதிகாரிகள் தமிழ்நாட்டுக்கு வந்து, தொழிலாளர்களை நேரில் சந்தித்து, நிலைமை சரியாக இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் ‘நான் செய்யவில்லை’ என்றால் அது வாக்குமூலம். எதிர்ப்பக்கத்து ஆள் வந்து பார்த்து ‘இவர் செய்யவில்லை’ என்றால் அது சாட்சி. நெருக்கடியில் சிக்கிய எந்த நிறுவனமும் முதலில் தேட வேண்டியது இப்படி ஒரு சாட்சியைத்தான்: தொழிற்சங்கத் தலைவர், அரசு மருத்துவர், சுயேச்சையான ஆய்வகம், செய்தி சரிபார்க்கும் பத்திரிகையாளர். கதவைத் திறந்துவிட்டு ‘வந்து பாருங்கள்’ என்று சொல்ல மனத்துணிவு வேண்டும். மறைக்க ஏதாவது இருந்தால் அந்தத் துணிவு வராது.

பொய்யைத் தெரிந்தே பரப்பியவர்கள் மேல் தமிழ்நாடு, பீகார் இரண்டு மாநிலக் காவல்துறையும் வழக்குப் போட்டன. அடிபட்டுக் கட்டுப்போட்ட தொழிலாளர்களைக் காட்டிய ஒரு வீடியோ பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்து எடுக்கப்பட்டது என்று பீகார் காவல்துறையே சொன்னது.

பெங்களூரில் இதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் நடந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2012 ஜூலையில் அசாமின் கோக்ராஜார் பகுதியில் கலவரம். ஆகஸ்டில், அதற்குப் பழியாக, ரம்ஜான் முடிந்ததும் பெங்களூரில் இருக்கும் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்று எஸ்எம்எஸ் பரவியது. ஆகஸ்ட் 15 முதல் பெங்களூர் சிட்டி ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் பெட்டி படுக்கையோடு குவிந்தார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. அப்போதைய உள்துறை அமைச்சர் ஆர். அசோகா ரயில் நிலையத்துக்கே போய், பயப்பட வேண்டாம், போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் போனார்கள். மத்திய அரசு நாடு முழுவதும் ஒருவர் ஒரே நேரத்தில் அனுப்பும் எஸ்எம்எஸ்களை ஐந்தாகக் கட்டுப்படுத்தியது, பதினைந்து நாளுக்கு.

அமைச்சர் சொன்னது பொய்யில்லை, நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் ஊரிலிருந்து பெற்றவர்கள் போனில் ‘உடனே கிளம்பி வா’ என்று சொல்லும்போது, முன்பின் அறியாத மாநிலத்து அமைச்சரின் உறுதிமொழி எவ்வளவு நேரம் நிற்கும்? சிறப்பு ரயிலும், வேண்டுதலுக்கு நேர்மாறான ஒரு செய்தியைச் சொல்லிவிட்டது. ‘போகாதீர்கள்’ என்று வாய் சொல்ல, ‘போக வேண்டியதுதான் போலிருக்கிறது’ என்று ரயில் சொன்னது. கூட்டத்தைச் சமாளிக்க ரயில் விட்டே ஆக வேண்டிய நிலைமை இருந்திருக்கலாம், அதைக் குறைசொல்லவில்லை. நிறுவனங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, சொல்லும் செயலும் எதிரெதிராக இருந்தால் மக்கள் செயலைத்தான் நம்புவார்கள் என்பதை. ‘ஆட்குறைப்பு இல்லை’ என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டு அதே வாரம் கான்ட்ராக்ட் ஆட்களின் கேட் பாஸைப் புதுப்பிக்காமல் விட்டால் நோட்டீஸை யார் படிப்பார்கள்?

மௌனமாக இருப்பதன் விலை என்ன என்பதை ஸ்ரீபெரும்புதூர் காட்டியது. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்குப் பொருள் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் தங்கிய விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சு பரவியது. 17-ஆம் தேதி இரவு தோழிகளைத் தேடிப் பெண்கள் சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மறுநாள் வரை முடங்கியது. யாரும் இறக்கவில்லை. ஆனால் சேர்ந்து தங்கியிருந்த தோழி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் இரண்டு நாள் போனால் மனசு எதைத்தான் நம்பாது? அங்கே தேவைப்பட்டது செய்திக்குறிப்பு அல்ல. மருத்துவமனை வாரியாக ஒரு பட்டியல், விடுதிக்கு ஒரு பொறுப்பாளர், படுக்கையிலிருக்கும் பெண்ணிடமே போனில் பேச ஒரு வழி. இவற்றைச் சில மணி நேரத்தில் செய்துவிட முடியும்.

இதில் இன்னொரு பாதியும் உண்டு. மரணச் செய்திதான் பொய். விடுதியின் நிலைமை பொய்யில்லை. தங்குமிடமும் சாப்பாட்டுக்கூடமும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே டிசம்பர் 29-ஆம் தேதி ஒப்புக்கொண்டு அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. போராட்டத்தை அடுத்து மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் திறந்தது. ஏற்கெனவே நெரிசலும் மோசமான சாப்பாடுமாக வாழ்ந்தவர்களுக்கு, ‘இறந்துவிட்டார்கள்’ என்ற பேச்சு நம்பமுடியாததாக இல்லை. பொய் முளைக்கும் மண் உண்மையாகவே இருந்தது. பிஆர் குழு அங்கே வதந்தியை மட்டும் மறுத்துவிட்டு வந்தால் அடுத்த வதந்தி அதே இடத்தில் மறுபடி வரும். விடுதியைச் சரிசெய்யச் சொல்லி நிர்வாகத்திடம் சண்டை போடுவதும் அந்தக் குழுவின் வேலைதான்.

இனி, ஒரு விளக்கம் எப்படி எழுதப்பட வேண்டும் என்று பார்ப்போம். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘கம்பெனியை அடுத்த மாதம் மூடப் போகிறார்கள், செட்டில்மென்ட்கூட இல்லை’ என்று வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. வழக்கமாக வருகிற அறிக்கை இப்படி இருக்கும்: ‘எங்கள் நிறுவனம் மூடப்படுவதாகச் சில விஷமிகள் பரப்பிவரும் ஆதாரமற்ற வதந்தியை நிர்வாகம் வன்மையாகக் கண்டிக்கிறது. உரிய சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.’ இதைப் படிக்கும் தொழிலாளிக்கு நினைவில் நிற்பது ‘நிறுவனம் மூடப்படுவதாக’ என்ற முதல் வரி. அதோடு ‘நடவடிக்கை’ என்றதும் கேள்வி கேட்கவும் பயம். சம்பளம் வருமா, வராதா? அதற்குப் பதிலே இல்லை.

இதையே இப்படி எழுதலாம்: ‘ஜிகணியில் இருக்கும் நம் இரண்டாவது கிடங்கு மட்டும் 30-ஆம் தேதி காலியாகிறது, அங்கே வேலை பார்க்கும் 18 பேரும் இங்கே மாறுகிறார்கள். இந்த ஆலை வழக்கம்போல் நடக்கும். சம்பளம் 7-ஆம் தேதி வரும். கம்பெனி மூடுகிறது என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. கிடங்கு காலியாவதைப் பார்த்து வந்த தவறான செய்தி அது. சந்தேகம் இருந்தால் ஹெச்ஆர் பிரிவில் இன்னாரை இந்த எண்ணில் கேளுங்கள், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கேட்டிலும் இருப்பார்.’ உண்மை முதலில், பொய் நடுவில் ஒருமுறை மட்டும், அது எங்கிருந்து முளைத்தது என்ற காரணம், பிறகு செய்ய வேண்டிய காரியம். அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப் பத்திரிகையாளர்களுக்குச் சொன்ன முறையும் ஏறக்குறைய இதுதான். தலைப்பில் பொய்யைப் போடக் கூடாது. ‘இல்லை’ என்ற சொல் மறந்துபோகும், பொய் மட்டும் நினைவில் தங்கும். இதைக் கன்னடம், தமிழ், இந்தி, ஒடியா நான்கிலும் எழுத வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுவிடாமல், அந்த மொழி பேசும் தொழிலாளி ஒருவரிடம் படித்துக் காட்டி அவருக்குப் புரிகிறதா என்று பார்த்துவிட்டு ஒட்ட வேண்டும். வாய்ஸ் மெசேஜாக வந்த பொய்க்கு வாய்ஸ் மெசேஜாகவே பதில் போவது நல்லது. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு பிடிஎஃப் அனுப்பிப் பயனில்லை.

எல்லா வதந்திக்கும் பதில் சொல்லவும் கூடாது. முப்பது பேர் இருக்கும் ஒரு குரூப்பில் கிடக்கிற பேச்சை நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் மறுத்தால், கேள்விப்படாத முப்பதாயிரம் பேருக்கு நாமே சொன்னதாக ஆகும். அங்கே அந்தக் குரூப்பில் உள்ள ஒருவர் மூலமாகவே திருத்துவது மேல். எப்போது வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பதற்கு நான் வைக்கும் அளவு எளியது: பேச்சு ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தாவிவிட்டதா, செக்யூரிட்டியிடமும் ரிசப்ஷனிலும் ஜனங்கள் நேரில் வந்து கேட்கத் தொடங்கிவிட்டார்களா, யாருடைய உயிருக்கோ பணத்துக்கோ ஆபத்து உண்டா? மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் காத்திருக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள விலையுயர்ந்த கண்காணிப்பு மென்பொருள் இருந்தால் நல்லதுதான். ஆனால் கம்பெனி பஸ் டிரைவரும் கேன்டீன் மாஸ்டரும் விடுதி வார்டனும் எந்த மென்பொருளுக்கும் முன்னால் கேள்விப்படுகிறார்கள். அவர்களிடம் தினமும் இரண்டு நிமிடம் பேசுகிற பிஆர் ஆள் எத்தனை பேர்?

பொய் வருவதற்கு முன்பே சொல்லிவைப்பது இன்னும் பலன் தரும். நாளை இப்படி ஒரு பொய் வரலாம், அது இப்படித்தான் ஏமாற்றும் என்று முன்னாலேயே காட்டிவிட்டால் மனம் அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்று 1960-களிலேயே உளவியலாளர் வில்லியம் மெக்வயர் எழுதினார். இதைச் செய்யாமல் போனதன் விளைவு தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தில் தெரிந்தது. 2017 பிப்ரவரி 5-ஆம் தேதி பெங்களூரில்தான் அது தொடங்கிவைக்கப்பட்டது. முதல் கட்டமாகக் கர்நாடகம், தமிழ்நாடு, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயது வரை எல்லோருக்கும். தமிழ்நாட்டில் ஊசிக்கு எதிரான வாட்ஸ்அப் செய்திகள் பள்ளிகளுக்கு முன்னால் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. பலர் அனுமதி தர மறுத்தார்கள், இயக்கத்தை மார்ச்சிலும் நீட்டிக்க வேண்டி வந்தது. ஏற்கெனவே போட்ட குழந்தைக்கு எதற்கு மறுபடி, ஏன் இந்த அவசரம் என்பவை சாதாரணத் தாய்க்கு வரும் நியாயமான கேள்விகள். ஊசிக்கு ஒரு மாதம் முன்பே வகுப்பாசிரியர் வாயிலாகப் பதில் போயிருக்க வேண்டும்.

ரேஷன் அரிசியிலும் இதே கதை. செறிவூட்டிய அரிசியில், நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில், அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து வார்த்த மணிகளைக் கலக்கிறார்கள். அவை நிறத்தில் சற்று மாறியிருக்கும், கழுவும்போது சில மிதக்கும். பார்க்கிறவர் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்கிறார். அவர் முட்டாள் இல்லை. வித்தியாசமாக ஒன்றைப் பார்த்தார், விளக்கம் கிடைக்கவில்லை. கடையிலேயே ஒரு கிண்ணத்தில் அந்த மணிகளைத் தனியாக வைத்து, ‘இது மிதக்கும், இது இந்தச் சத்து’ என்று எழுதிவைத்தால் பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

சட்டத்தை மட்டும் நம்பி இறங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. குர்குரேயில் பிளாஸ்டிக் இருக்கிறது, கொளுத்தினால் எரிகிறது என்ற பேச்சுக்கு எதிராக பெப்சிகோ நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றம் போய், 2018-இல் ஆயிரக்கணக்கான பதிவுகளை முடக்க ஆணை பெற்றது. கிண்டலாகப் போட்டவையும் அதில் சேர்ந்துகொண்டன. மறந்திருந்த பேச்சு மறுபடி செய்தியானது. எண்ணெயும் மாவும் சேர்ந்த எந்தப் பலகாரமும் தீ வைத்தால் எரியும் என்பதை ஒரு நிமிட வீடியோவில் அப்பளத்தைக் கொளுத்திக் காட்டியே விளக்கிவிடலாம். நீதிமன்றம் வேண்டிய இடம் வேறு. சந்தாபுராவுக்குப் பக்கத்திலேயே, பொம்மசந்திராவில் இருக்கும் நாராயணா மருத்துவமனையின் நிறுவனர் டாக்டர் தேவி ஷெட்டியின் முகத்தையும் பெயரையும் வைத்துப் போலி வீடியோக்கள் உலவின. அவரும் மருத்துவமனையும் டெல்லி உயர்நீதிமன்றம் போய் 2024-இல் தடையாணை வாங்கினார்கள். அது சரியான நடவடிக்கை. அங்கே நோயாளியின் உடம்பும் பணமும் பணயம். பரப்புகிறவர் தெரியாமல் செய்பவர் அல்ல. இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியின் பெயரில் முதலீட்டுச் செயலி விற்கும் போலி வீடியோக்கள் வந்தபோது 2023 டிசம்பரில் அவரே, தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று எக்ஸ் தளத்தில் எழுதினார். இப்படிப் பிரபலமான முகம் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் ‘நாங்கள் ஒருபோதும் செய்யாதவை’ என்று ஒரு பலகையை நிரந்தரமாக வைத்திருப்பது நல்லது: எங்கள் டாக்டர் முகநூலில் மருந்து விற்க மாட்டார், வேலைக்கு முன்பணம் கேட்க மாட்டோம், ஓடிபி கேட்க மாட்டோம். சந்தேகமான வீடியோவை அனுப்பிச் சரிபார்க்க 2024 மார்ச்சில் தொடங்கிய டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட்டின் வாட்ஸ்அப் சேவை தமிழிலும் உண்டு. பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

யார் சரிபார்ப்பது என்பதும் பெரிய கேள்வி. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே முடிவு செய்யும் ஒரு பிரிவை ஐடி விதிகளின் கீழ் அமைக்கப் பார்த்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. தமிழ்நாடு அரசும் 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றைத் தொடங்கியது. அரசோ நிறுவனமோ, தன்மேல் வந்த குற்றச்சாட்டை விளக்கலாம், ஆதாரம் காட்டலாம். தீர்ப்பையும் தானே எழுத முடியாது. விமர்சனத்துக்கெல்லாம் ‘பொய்ச்செய்தி’ என்று முத்திரை குத்தப் பழகிவிட்டால், உண்மையாகவே பொய் வரும் நாளில் அந்த முத்திரைக்கு மதிப்பு இருக்காது.

இதைச் சொல்லும்போது பிஆர் தொழிலின் கறையையும் சொல்லியாக வேண்டும். லண்டனின் பெல் பாட்டிஞ்சர் நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் தொழிலதிபர்களான குப்தா குடும்பத்தோடு தொடர்புடைய வாடிக்கையாளருக்காக இனப்பகையைக் கிளறும் பிரச்சாரம் நடத்தியது. 2017 செப்டம்பரில் பிரிட்டனின் மக்கள் தொடர்பு நிறுவனங்களின் சங்கம் அதை வெளியேற்றியது. சில நாட்களில் நிறுவனமே திவாலானது. பொய்யைத் தயாரிக்கும் கையும் அதைத் துடைக்கும் கையும் ஒரே தொழிலில் இருக்கின்றன என்பது மக்களுக்குத் தெரியும்.

அதனால் இந்த வேலையில் இருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு மறுப்பை எழுதித் தரச் சொல்லி உங்கள் மேலாளர் கேட்கும்போது, முதலில் ‘இது நடந்ததா, இல்லையா?’ என்று கேளுங்கள். விடுதிக்கும் கேன்டீனுக்கும் நேரில் போய்ப் பாருங்கள். நடந்திருந்தால் மறுப்பை எழுதாதீர்கள். நடந்ததை ஒப்புக்கொண்டு, என்ன சரிசெய்கிறோம், எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கையெழுத்துக்கு வையுங்கள்.